பெங்களூர் ஃப்ளாட்டுக்கு எந்தக் கிளி சரிப்படும்?

கிளி வாங்கப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எது நல்லா பேசும்?" என்றுதான். பேச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பகலில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் தாண்டி ஊருக்குப் போனால் பறவையை யார் பார்த்துக்கொள்வார்கள், பக்கத்து ஃப்ளாட்காரர் எந்த அளவுக்குப் பொறுமைசாலி, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தக் கிளி என்பது பாதி முடிவாகிவிடும். நான் பட்ஜீஸ் என்ற சின்ன வெளிநாட்டுக் கிளியை வளர்த்திருக்கிறேன், இப்போது வீட்டில் இருப்பது கொண்டை வைத்த காக்டெயில் கிளி. கன்யூர் என்ற வண்ணக் கிளியும் ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் கிளியும் நண்பர்கள் வீட்டில் படுத்தும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் பச்சைக்கிளியைப் பேசி முடித்துவிடலாம், நம்மவர்களுக்குக் கிளி என்றால் அதுதானே. அல்சூரில் இருக்கும் என் பெரியம்மா இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். "கிளின்னா பச்சைக்கிளிதான்டா, மத்ததெல்லாம் கலர் அடிச்ச குருவி" என்பார். அவர் சின்ன வயதில் வீட்டில் இருந்த கிளி, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே "யாரு, யாரு" என்று விசாரிக்குமாம். இருக்கலாம். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகள் எதையும் பிடிக்கவோ விற்கவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது. கழுத்தில் வளையம் போட்ட சாதாரணப் பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி, எல்லாம் இதில் அடக்கம். மூன்று வருடம் வரை சிறைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2023இல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துக்கொண்டு போய் இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டது எல்லாப் பேப்பரிலும் வந்தது. "பெரியம்மா, என்னை ஜாமீன்ல எடுக்க நீங்க வருவீங்களா?" என்று கேட்டதற்கு அப்புறம்தான் அவர் கொஞ்சம் அடங்கினார்.

சட்டத்தை விடுங்கள், அந்தக் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே போதும். பச்சைக்கிளி மரப்பொந்தில் முட்டை வைக்கிற ஜாதி. வருடத்தின் முதல் சில மாதங்களில் பொந்தைக் கொத்தி விரித்து, இறகு முளைக்காத குஞ்சுகளை அள்ளி, கூடையில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே பல செத்துப்போகும். நீலத்திலும் மஞ்சளிலும் இருக்கும் வளையக்கிளியைக் காட்டி "இது ஃபாரின் ப்ரீட் சார், பிரச்சினை வராது" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள், நிறம் மாறினாலும் இனம் அதேதான். மழையில் விழுந்த குஞ்சு உங்கள் கையில் கிடைத்தால் வளர்க்க ஆரம்பிக்காமல் கெங்கேரிப் பக்கம் இருக்கும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவுயிர் மருத்துவமனையிலோ வனத்துறையிலோ ஒப்படைத்துவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியையே தினமும் புதிதாக இலையில்தான் கட்டுகிறார்கள், நமக்கு மட்டும் என்ன.

ஆக, மிச்சம் இருப்பது வெளிநாட்டு இனங்கள். இதில் நடுத்தர பட்ஜெட்டில் நிஜமான போட்டி இரண்டுக்குத்தான்: பட்ஜீஸ், காக்டெயில். இரண்டுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியா, இரண்டுமே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்தவை.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் கையில் வருவது பட்ஜீஸ். நிஜமான லவ் பேர்ட்ஸ் வேண்டுமென்றால் "ஆப்பிரிக்கன்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாமல் போனால் வேறு பறவையோடு திரும்புவீர்கள்.

பட்ஜீஸ் முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். ஆயுள் ஐந்திலிருந்து பத்து வருடம். கூட்டமாக வாழ்கிற ஜாதி என்பதால் ஜோடியாக விட்டால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, அலகால் கோதிவிட்டுக்கொண்டு, உங்களை எதிர்பார்க்காமல் பகலை ஓட்டிவிடும். புருஷன் ஒயிட்ஃபீல்டில், பெண்டாட்டி எலெக்ட்ரானிக் சிட்டியில், சில்க் போர்டு தாண்டி வீடு வந்து சேர ராத்திரி எட்டு மணி என்றால் உங்களுக்கு இதுதான். சத்தம் நாள் முழுக்கக் கிசுகிசுப்பாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சுவரைத் தாண்டாது. பேசுமா என்றால் பேசும், அதுவும் ஆண். 1,728 வார்த்தை தெரிந்த பக் என்ற பட்ஜி கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. அது ஆயிரத்தில் ஒன்று. தனியாக வளர்த்து, தினமும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினால்தான் நான்கு வார்த்தையாவது வரும். ஜோடியாக இருந்தால் அதற்கு உங்கள் பாஷை எதற்கு? வளர்ந்த பறவையில் ஆணா பெண்ணா என்று மூக்கின் மேலிருக்கும் சதையை வைத்துச் சொல்லலாம். ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு.

பட்ஜீஸில் ஜனங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பானை. கூண்டு வாங்கினால் கடைக்காரர் ஓட்டை போட்ட மண்பானை ஒன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார், "வீடு மாதிரி இருக்கும்மா" என்பார். பானை இருந்தால் முட்டை வரும், ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு. குழந்தைகள் குதிப்பார்கள், நீங்களும் வாட்ஸ்அப்பில் படம் போடுவீர்கள், அப்புறம் அந்தக் குஞ்சுகளும் ஜோடி சேரும். ஒரு வருடத்தில் பால்கனி முழுக்கக் கூண்டாகி, அபார்ட்மென்ட் குரூப்பில் "இலவசம், யாருக்காவது வேண்டுமா" என்று செய்தி போடும் கட்டம் வந்துவிடும். அதைவிட மோசம், பெண் பறவை ஓய்வே இல்லாமல் முட்டையிட்டு உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தையெல்லாம் இழந்து, ஒரு நாள் முட்டை உள்ளேயே சிக்கிச் செத்துப்போகும். பானையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூங்க அதற்கு ஒரு குச்சி போதும். முடிந்தால் இரண்டு ஆணாகவே வாங்குங்கள், இன்னும் நிம்மதி.

காக்டெயில் வேறு கணக்கு. எண்பது, நூறு கிராம் எடை, தலையில் கொண்டை, பதினைந்து இருபது வருட ஆயுள். அதாவது இன்று யூகேஜி படிக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் அது உங்களோடு இருக்கும். விலையும் கூட: பட்ஜீஸ் ஜோடி நூறுகளில் முடிந்தால் இது ஒன்றே ஆயிரங்களில் போகும். ஆனால் மனுஷனோடு ஒட்டுகிற விஷயத்தில் இதன் பக்கத்தில் பட்ஜீஸ் வர முடியாது. தோளில் உட்காரும், தலையைக் குனிந்து சொறியச் சொல்லும், கொண்டையைப் பார்த்தே மனநிலையைச் சொல்லிவிடலாம். நேராக நின்றால் எதையோ கவனிக்கிறது, பின்னால் படிந்து கூடவே சீறினால் கையை எடுத்துவிடுங்கள். பேச்சு சுமார், விசில் பிரமாதம். காலையில் குக்கர் மூன்றாவது விசில் விட்டதும் எங்கள் வீட்டுக்காரர் கொண்டையை நட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி, நான்காவது விசிலை அவரே கொடுத்துவிடுவார். பருப்பு வேகாமலே அடுப்பை அணைத்த நாட்கள் உண்டு.

இதற்கு விலை உங்கள் நேரம். கூண்டுக்கு வெளியே தினமும் ஒன்றிரண்டு மணி நேரமாவது விட வேண்டும், ஒற்றையாக வளர்த்தால் நீங்கள்தான் அதன் கூட்டம். ரிட்டயரான அப்பா அம்மா வீட்டில் இருக்கிறார்களா, நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரா, கண்ணை மூடிக்கொண்டு காக்டெயில் வாங்கலாம். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் மட்டும் யோசியுங்கள். இறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். காலையில் துடைத்த டிவி திரையில் மறுநாள் விரலால் பெயர் எழுதலாம். இன்னொன்று, இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகு, கடி பலம், குரல் கூர்மை. ஜோடியாக இருந்தால் அதற்கு நீங்கள் தேவையில்லை, தனியாக இருந்தால் உங்களை விடாது. வேறு இனப் பறவையோடு ஒரே கூண்டில் போட்டால் காலைக் கடித்துவிடும். குழந்தை உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சன் கன்யூர். இன்ஸ்டாகிராமில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மல்லாந்து படுத்துக்கொண்டு விளையாடுகிறதே, அது. பெங்களூரில் இப்போது இளசுகள் பணத்தைச் சேர்த்து வாங்குவது இதைத்தான், பத்தாயிரத்தைத் தாண்டிக் கொடுத்து. வீடியோவில் பாட்டு போட்டிருப்பதால் அதன் குரல் உங்களுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்று அளந்தால் நூறு டெசிபெல்லைத் தாண்டும், விடியும்போதும் அடையும்போதும் கட்டாயம் உண்டு, நடுவில் நீங்கள் அடுத்த அறைக்குப் போனாலும் உண்டு. மாரத்தஹள்ளியில் இருக்கும் நண்பன் ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கைத் திறப்பதே இல்லை. மேல் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், அடுத்து கேட்டார், அதற்கப்புறம் அசோசியேஷனுக்கு எழுதிவிட்டார். பறவை மேல் தப்பே இல்லை, தென்னமெரிக்கக் காட்டில் மைல் தூரத்தில் இருக்கும் கூட்டத்தைக் கூப்பிடுவதற்கான குரல் அது, இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு அளவெடுத்துச் செய்ததல்ல. கன்யூர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் க்ரீன் சீக் வகையைப் பாருங்கள், குரல் எவ்வளவோ தேவலாம். தனி வீடு, சுற்றிலும் தோட்டம் என்று இருப்பவர்களுக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது, அவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

ஆப்பிரிக்கன் கிரே பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அலெக்ஸ் கதையைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி முப்பது வருடம் பழக்கிய கிளி, நூறு வார்த்தைக்கு மேல் தெரியும், நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொல்லும், 2007இல் இறந்தது. ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தக் கிளிக்குப் பாடம் நடத்துவதே சிலருக்கு முழு நேர வேலையாக இருந்தது. அப்படிப்பட்ட மூளையைக் கூண்டில் வைத்துவிட்டு நீங்கள் ஆபீஸ் போனால் அது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். நாற்பது, ஐம்பது வருடம் வாழும் ஜீவன், உங்களுக்கு அப்புறம் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஃப்ளாட்டில் வேண்டாம்.

காகித வேலையிலும் இவற்றுக்குள் வித்தியாசம் இருக்கிறது. சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தமான சைட்டீஸ் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாக் கிளிகளும் உண்டு. பட்ஜீஸும் காக்டெயிலும் பீச் முகம் கொண்ட லவ் பேர்டும் அதில் கிடையாது. ஆப்பிரிக்கன் கிரே 2017இலிருந்து மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, சைட்டீஸின் எந்தப் பட்டியலில் உள்ள பறவையை வாங்கினாலும் முப்பது நாளுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தால், கை மாற்றினால், செத்தால்கூடத் தெரிவிக்க வேண்டும். கன்யூர் விற்கிறவர் "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். பில் கொடுக்காத இடத்திலும் வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: கூண்டே வாங்காமல் இருப்பது. கப்பன் பார்க், லால்பாக், ஐஐஎஸ்சி வளாகம் மாதிரிப் பெரிய மரங்கள் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் பச்சைக்கிளி தானாகவே கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பால்கனிக் கம்பியில் ஒரு கம்புக் கதிரையோ கொய்யாவையோ கட்டிவிட்டால் வந்தாலும் வரும். பெரியம்மாவுக்கு இதைத்தான் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் தரையில் தானியம் தூவினால் கிளிக்கு முன்னால் புறா வரும், அப்புறம் கீழ் வீட்டுக்காரர் வருவார். ஐந்தாவது மாடியில் சுற்றிலும் கட்டடம் மட்டும் என்றால் இந்த வழி கிடையாது, புறா மட்டும்தான்.

எதை வாங்கினாலும் மாற வேண்டியது சமையலறை. நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை நமக்குத் தெரியவே தெரியாது, பறவை நிமிஷத்தில் செத்து விழும். பறவையின் நுரையீரல் அப்படி, காற்றில் இருப்பதைப் பாக்கியில்லாமல் உறிஞ்சும். பழைய இரும்புக் கல்லுக்குத் திரும்பிவிடுங்கள், தோசையும் நன்றாக வரும். சாம்பிராணி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிக்கும் நெடி எதுவும் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. பறக்கவிடும்போது ஃபேன் ஓடக் கூடாது, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், பாத்ரூம் வாளி மூடியிருக்க வேண்டும். கூண்டைப் பால்கனியில் தொங்கவிட்டால் காக்காயும் பருந்தும் பூனையும் சும்மா விடாது. ஹாலில், ஒரு பக்கம் சுவர் இருக்கிற மாதிரி வையுங்கள். ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் (காக்டெயிலுக்கு மட்டும் அந்தச் சின்ன விளக்கு) அமைதியும் வேண்டும் என்பதால், டிவி நள்ளிரவு வரை ஓடும் வீடு என்றால் தூங்குவதற்கு வேறு அறை பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரிக் குளிர் பதினைந்து டிகிரி வரை இறங்கும்போது பழைய வேட்டி ஒன்றை மூன்று பக்கமும் போர்த்தினால் போதும்.

தீனி விஷயத்தில் கடைக்காரர் ஒரு கிலோ தினையைக் கட்டிக் கொடுத்து "இதுவே போதும்" என்பார். போதாது. வெறும் தானியத்தில் வளர்ந்தால் ஈரலில் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல், முளைகட்டிய பயறு, கொஞ்சம் பெல்லட் (பறவைக்கென்று உருண்டையாகச் செய்து விற்கும் தீனி) என்று பழக்க வேண்டும். பச்சை மிளகாய் கொடுக்கலாம், காரம் பறவைக்கு உறைக்காது. கணவாய் ஓட்டைக் கூண்டில் சொருகிவையுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு. பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: நாம் மில்க் ஷேக் போட்டுக் குடிக்கிறோமே, பட்டர் ஃப்ரூட், அவகாடோ, அது கிளிக்கு விஷம். சாக்லேட், காபி, உப்புத் தின்பண்டமும் ஆகாது.

ஊருக்குப் போவதுதான் பலர் யோசிக்காத செலவு. பட்ஜீஸ் கூண்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீரும் தினையும் மாற்றச் சொன்னால் ஒரு வாரம் தாங்கும். காக்டெயிலும் கன்யூரும் பழகிய ஆள் இல்லாமல் இடமும் மாறினால் சாப்பாட்டை நிறுத்திவிடலாம், அதனால் சின்னக் கூண்டில் காரிலேயே கூட்டிப் போவது உத்தமம். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை நிஜமாகவே நடக்கும், விட்டுப் போகும் வீட்டில் பூனையோ நாயோ இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் விஷயத்தையும் முன்பே விசாரியுங்கள். நாய், பூனை பார்ப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், பறவை தெரிந்தவர்கள் கொஞ்சம்தான், அவர்களும் ஊரின் மறுகோடியில் இருப்பார்கள். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் ஏற்கெனவே தாமதம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் இளைப்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வாங்கும் நாளில்: கூண்டை முதலில் வாங்கி இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் பறவைக்குப் போங்கள். உயரத்தைவிட அகலம் முக்கியம், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பட்ஜீஸ் தலையை நுழைத்துக்கொள்ளும். சிவாஜிநகர்ப் பக்கம் போனாலும் சரி, வளர்ப்பவரின் வீட்டுக்கே போனாலும் சரி, கையை விட்டு எடுக்கச் சொல்வதற்கு முன்னால் பத்து நிமிஷம் தூரத்தில் நின்று பாருங்கள். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, பின்புற இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா. "கையால ஊட்டி வளர்த்தா நல்லா ஒட்டிக்கும்" என்று தானாகச் சாப்பிடத் தெரியாத குஞ்சைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சூடு கொஞ்சம் கூடினால் இரைப்பை வெந்துவிடும், வேகமாக ஊட்டினால் மூச்சுக்குழலில் போய்விடும். உங்கள் கண் முன்னால் தானாகத் தினையை உடைத்துத் தின்கிற பறவையைக் காட்டச் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.